பாக்கெட் தீனியா, வீட்டுச் சமையலா? நாயின் உணவை மாற்றும் முன் ஓர் ஒப்பீடு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை: "பாக்கெட் தீனி எல்லாம் கெமிக்கல். பேசாமல் கோழியும் சோறும் வேகவைத்துப் போட்டால் சொறியும் நிற்கும், முடியும் பளபளக்கும்." ஆசை நியாயமானது. கண்ணெதிரே வேகும் கறிமீது வரும் நம்பிக்கை, என்ன அரைத்தார்கள் என்று தெரியாத உருண்டைமீது வருவதில்லை. ஆனால் கோழியும் சோறும் மட்டும் மாதக்கணக்கில் தின்னும் நாய்க்குக் கால்சியம், துத்தநாகம், செம்பு, அயோடின், விட்டமின் டி, விட்டமின் ஈ எல்லாம் சேர்ந்தே குறையும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியினர் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டு 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஓர் அத்தியாவசியச் சத்தாவது குறைந்திருந்தது. அந்தக் குறிப்புகளில் பல கால்நடை மருத்துவர்கள் எழுதியவை.

அதனால் பாக்கெட் நல்லதா, அடுப்பு நல்லதா என்று கேட்பதில் பயனில்லை. கிண்ணத்தில் விழுவது முழு உணவா, அரைகுறை உணவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மாற்றுவதற்கு முன் காரணத்தைச் சரிபாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஈரக்காற்றில் நாய் சொறிந்தால் முதல் சந்தேகம் உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, தோல் பூஞ்சை ஆகியவற்றின்மேல்தான் விழ வேண்டும். தீனி அதற்குப் பிறகுதான். வாலின் அடிப்பகுதியிலும் பின்தொடையிலும் முடி கொட்டினால் பெரும்பாலும் தெள்ளு. கால் விரலிடுக்கும் காதும் எண்ணெய்ப் பிசுக்கோடு நாறினால் பூஞ்சையாக இருக்கலாம். இவற்றை விட்டுவிட்டுத் தீனியை மாற்றினால், மாற்றிய அந்த மாதத்தில் தற்செயலாகச் சொறி குறையும். அடுத்த மழையில் திரும்பும். உண்மையிலேயே உணவு ஒவ்வாமை என்றால் அதைக் கண்டுபிடிக்கும் வழி வேறு: நாய் இதுவரை தின்னாத ஒரு புரதத்தையும் ஒரு மாவுச்சத்தையும் மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுத்து, பிறகு பழைய தீனியைத் திரும்பக் கொடுத்துச் சொறி வருகிறதா என்று பார்ப்பது. அந்த எட்டு வாரத்தில் யாரோ போடும் ஒரு பிஸ்கட் போதும், சோதனை கெட்டுவிடும். இன்னொன்று: நாய்களுக்கு அடிக்கடி ஒவ்வாமை தரும் புரதங்களில் மாட்டிறைச்சி, பால், கோழி மூன்றும் உண்டு. பாக்கெட் தீனியிலுள்ள கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு, வீட்டில் வேகவைத்த கோழியும் ஒத்துக்கொள்ளாது.

முன்னால் இருக்கும் வழிகள்

முதல் வழி, நல்ல உலர் தீனியிலேயே இருப்பது. பையின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற வாசகமும், அது எந்த வயது நாய்க்கு என்பதும் இருக்க வேண்டும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்கோவின் அளவுகோலில், ஈரம் நீக்கிய எடையில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதமும், குட்டிக்கும் சினை நாய்க்கும் 22.5 சதவீதமும் புரதம் வேண்டும். உலர் தீனியில் ஈரம் 10 சதவீதம்தான் இருக்கும், அதனால் பையில் போட்டிருக்கும் எண்ணை ஏறக்குறைய அப்படியே ஒப்பிடலாம்.

இந்த வழியில் நம் ஊரில் கெடுவது பெரும்பாலும் தீனி அல்ல, அதை வைக்கும் விதம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. திறந்த பை காற்றின் ஈரத்தை உறிஞ்சும், மேல் பூசிய கொழுப்பு காறும், பூஞ்சை பிடிக்கும். மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நாயின் கல்லீரலை நேரே தாக்கும். அதற்கு மணமும் கிடையாது. கடையில் சாக்கைத் திறந்து வைத்துக் கிலோ கணக்கில் அள்ளித் தருவதை வாங்கவே வேண்டாம். ஒரு மாதத்தில் தீரும் அளவுப் பையை வாங்கி, பையோடு அப்படியே மூடியுள்ள டின்னில் இறக்கி வையுங்கள். டின்னில் கொட்டி, அது தீருமுன் மேலே புதுசைக் கொட்டினால் அடியில் கிடக்கும் காறிய தூள் புதுசையும் கெடுக்கும். இரண்டு உருண்டையை விரலில் நசுக்கி மோந்து பாருங்கள். பழைய எண்ணெய்ப் பலகாரத்தின் வாடை வந்தால் அந்தப் பையை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, தீனியோடு கொஞ்சம் வீட்டுச் சமையல். நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை எது சேர்த்தாலும் தீனியின் சத்துச் சமநிலை குலையாது. 20 கிலோ நாய்க்கு அது சுமார் 100 கலோரி: ஒரு வேகவைத்த முட்டையும் ஒரு சிறு துண்டு மீனும், அல்லது 80 கிராம் எலும்பில்லாக் கோழி. அந்த அளவுக்குத் தீனியில் 28 கிராம் குறைத்துவிட வேண்டும்; குறைக்காமல் சேர்த்துக்கொண்டே போவதுதான் லாப்ரடார்களைப் பீப்பாயாக்குகிறது. தீனியைத் தின்ன அடம்பிடிக்கும் நாய், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நாய், முடி மங்கிய நாய் எல்லாவற்றுக்கும் இந்த வழியே போதும். வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம்.

மூன்றாவது, முழுக்க வீட்டுச் சமையல். இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

நான்காவதைப் பலரும் மூன்றாவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: நம் சட்டியில் மிஞ்சியதைச் சோற்றில் பிசைந்து வைப்பது. மீன் குழம்பிலும் அவியலிலும் உப்பு, புளி, மிளகாய் மட்டுமா இருக்கிறது? உள்ளியும் பூண்டும் அரைத்துக் கலந்திருக்கிறது. பெரிய வெங்காயம், சின்ன உள்ளி, பூண்டு எல்லாமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் 0.5 சதவீதம் வெங்காயம், அதாவது 20 கிலோ நாய்க்கு 100 கிராம், ஒரே தடவையில் ஆபத்து. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் இரத்தசோகை வரும்: ஈறு வெளுக்கும், மூத்திரம் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போகும். வேகவைத்தால் இந்த நஞ்சு போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூரான சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். இந்த நான்காவது வழியில் இருப்பவர்களுக்கு நல்ல பாக்கெட் தீனிக்கு மாறுவதே பெரிய முன்னேற்றம்.

பச்சை இறைச்சி கொடுக்கும் பழக்கமும் இப்போது பரவுகிறது. சால்மோனெல்லா நாய்க்கு மட்டுமல்ல, அது நக்கும் குழந்தைக்கும் போகும். மின்சாரம் போய்வரும் வீட்டு ஃப்ரிட்ஜை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

முழு வீட்டுச் சமையல்: கணக்கு

முதலில் நாயை எடை பார்க்க வேண்டும். நீங்கள் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். பிறகு செல்போன் கால்குலேட்டர். எடையை எடையால் இருமுறை பெருக்குங்கள்: 20 × 20 × 20 = 8000. வர்க்கமூலத்தை இரண்டு தடவை எடுத்தால் 9.46. அதை 70-ஆல் பெருக்கினால் 662. சும்மா படுத்திருக்கத் தேவையான கலோரி இது. கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு இதை 1.4 முதல் 1.6 வரையிலான எண்ணால் பெருக்க வேண்டும். 930 முதல் 1060 கலோரி வரும். 10 கிலோ நாய்க்கு 550 முதல் 630. எடை பாதியானால் உணவு சரிபாதியாகாது என்பதைக் கவனியுங்கள்.

20 கிலோ எடையுள்ள ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 950 கலோரி தரும் கிண்ணம் இப்படி இருக்கும். இறைச்சியும் மீனும் பச்சையாக நிறுத்த எடை:

எலும்பும் தோலும் நீக்கிய கோழி 300 கிராம், மாட்டு ஈரல் 20 கிராம், தலை, குடல், நடுமுள் நீக்கிய சாளை (மத்தி) 60 கிராம், முட்டை ஒன்று, சோறு 250 கிராம், அதாவது அரிசியாக 85 முதல் 90 கிராம், பூசணி, கேரட், முருங்கைக்கீரை எல்லாம் சேர்த்து 100 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒரு டீஸ்பூன், முட்டை ஓட்டுத் தூள் 3.5 கிராம், இவற்றோடு கால்நடை மருத்துவர் எழுதித் தரும் விட்டமின்–தாதுக் கலவை.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுமுன் அந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

ஈரல் மாட்டு ஈரலாக இருப்பது செம்புக்காக. 100 கிராம் மாட்டு ஈரலில் 9 மில்லிகிராமுக்கு மேல் செம்பு உண்டு. கோழி ஈரலில் அரை மில்லிகிராம் அளவுதான். "கோழி ஈரல் போடுகிறோமே" என்பவர்களின் கணக்கு இங்கேதான் இடறுகிறது. மாட்டு ஈரல் நாயின் விருப்ப உணவு என்பதால் கை நீளும், நீளக் கூடாது. விட்டமின் ஏ உடம்பில் தங்கும், மாதக்கணக்கில் மிகுந்தால் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். வீட்டில் மாட்டிறைச்சி வாங்குவதில்லை என்றால் செம்பையும் தாதுக் கலவையிலேயே பார்த்துக்கொள்ளும்படி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சாளை இந்த மாவட்டத்தின் வரம். ஒமேகா-3-ம் விட்டமின் டியும் சேர்ந்து, மலிவாக வேறு எதில் கிடைக்கும்? வெயிலில் கிடக்கும் நாய்க்கு விட்டமின் டி தானாக வந்துவிடும் என்பது மனிதர்க்கான கணக்கு. நாயின் தோல் போதுமான அளவு தயாரிக்காது, தின்றுதான் ஆக வேண்டும். சாளையையும் நெத்தோலியையும் கட்டாயம் வேகவைத்தே கொடுக்க வேண்டும். பச்சையில் தயாமின் என்ற பி1 விட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது, சூட்டில்தான் அது சாகும். கருவாடு வேண்டாம், எத்தனை தண்ணீரில் ஊறவைத்தாலும் உப்பு மிஞ்சும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கரையிலுள்ள சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப் படகுகள் போவதால் சாளை அறவே இல்லாமல் போகாது, விலைதான் ஏறும். அப்போது 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரை ஒன்று ஒமேகா-3-ஐ ஓரளவு ஈடுகட்டும். காட் லிவர் ஆயில் வேறு சரக்கு. அதில் ஏயும் டியும் மிகுதி, ஈரலோடு சேர்ந்தால் அளவு மீறும்.

சூரியகாந்தி எண்ணெய் லினோலிக் அமிலத்துக்காக. நம் வீட்டில் இருப்பது தேங்காய் எண்ணெய்தானே என்று அதை ஊற்றினால் கலோரி வரும், லினோலிக் மிகக் குறைவாகவே வரும். தோலுக்கும் முடிக்கும் வேண்டியது அதுதான்.

சோற்றுக்குப் பதில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) போடலாம், சுமார் 200 கிராம் வேகவைத்தது. தோலை உள்தோலோடு முழுக்கச் சீவி, துண்டாக்கி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கிலுள்ள சயனைடு தரும் பொருள் அப்படித்தான் வெளியேறும். கசக்கும் கிழங்கு நாய்க்கும் வேண்டாம். கிழங்கில் புரதம் சோற்றைவிடக் குறைவு, ஆகவே கோழியைக் குறைத்துக் கிழங்கைக் கூட்டுவது சரிவராது.

கால்சியம்

வீட்டுச் சமையலில் நாய் கெடுவது அதிகமும் இந்த இடத்தில்தான். இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதிகபட்சம் இரு மடங்காகவோ வேண்டும். மேலே சொன்ன கிண்ணத்தில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 1 கிராம், 3.5 கிராம் ஓட்டுத் தூள் தரும் கால்சியம் 1.3 கிராம். தூளை நிறுத்திவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்தைச் சரிக்கட்டும். அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும், எலும்போ உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும். குட்டியாக இருந்தால் சில வாரங்களிலேயே முன்னங்கால் வளையும், கட்டிலிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும்.

எலும்பு சூப்பில் கால்சியம் இருக்கிறது என்று நம்பாதீர்கள். எலும்பிலிருந்து தண்ணீருக்கு இறங்குவது கொழுப்பும் பசையும்தான். கால்சியம் மிகச் சொற்பம்.

முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். ஈரம் துளியும் இல்லாத சின்ன மிக்ஸி ஜாரில் விட்டுவிட்டு அரைத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். விரலில் தேய்த்தால் கோலமாவு போல நெருநெருக்கக் கூடாது, பவுடராக ஒட்ட வேண்டும். நெருநெருத்தால் சலித்து நின்றதை மறுபடி அரையுங்கள். டீஸ்பூன் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வழிக்கு அது இல்லாமல் ஆகாது. மலம் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் பொடிந்தால் தூள் அதிகம் என்று அர்த்தம்.

கறவை மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையை நாய்க்கும் ஒரு கரண்டி போடுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது மாட்டின் தேவைக்குச் செய்த கணக்கு, நாய்க்குப் பொருந்தாது. மனிதர்க்கான கால்சியம் மாத்திரையில் பெரும்பாலும் டி3 சேர்ந்திருக்கும், அதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

தாதுக் கலவை ஏன் தவிர்க்க முடியாதது என்றால், துத்தநாகத்தையும் விட்டமின் ஈயையும் அயோடினையும் சமையலறைப் பொருளால் எட்ட முடியாது. 1000 கலோரிக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும் என்பது ஆஃப்கோ அளவு. மேலே சொன்ன கிண்ணத்தில் அதில் பாதிகூடத் தேறாது. அயோடின் கால் மில்லிகிராம், அதாவது 250 மைக்ரோகிராம் வேண்டும். அயோடின் உப்பு ஒரு கிராமில் சுமார் 15 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. உப்பை அள்ளிப் போட்டு இதை நிரப்ப முடியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிவிட்டமின் சிரப், முழு உணவுக்கு மேல் தெளிக்கத்தான் ஆகும். 'முழு வீட்டு உணவுக்கானது' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் கலவையிலேயே கால்சியம் இருந்தால் ஓட்டுத் தூளை நிறுத்திவிட வேண்டும், இரண்டும் சேரக் கூடாது.

சமைப்பதும் மாற்றுவதும்

மூன்று நாளுக்கானதைச் சேர்த்துச் சமைக்கலாம். அரிசியைக் குழைய வேகவைத்து, கோழி, ஈரல், மீனைத் தனியாக வேகவைத்து உதிர்த்து, காயை மசித்து, வெந்த தண்ணீரோடு கலந்து ஆறவிடுங்கள். முட்டையும் வெந்ததாகவே இருக்கட்டும். எண்ணெய், ஓட்டுத் தூள், தாதுக் கலவை மூன்றும் பரிமாறும்போது, சூடு ஆறிய பின்தான். நன்றாகப் பிசையாவிட்டால் நாய் கறியைப் பொறுக்கித் தின்றுவிட்டு மருந்துள்ள சோற்றை மிச்சம் வைக்கும். வேளைக்கு ஒரு டப்பாவாக நிறுத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். இரவு முழுக்க அடுப்படியில் கிடந்த சோற்றைச் சுடவைத்தாலும் அதில் ஊறிய கிருமி நஞ்சு போகாது.

மாற்றம் பத்து நாள் எடுக்கட்டும். முதல் மூன்று நாள் கால் பங்கு புதுசு, அடுத்த மூன்று நாள் பாதி, அதற்கடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுசு. மலம் இளகினால் முந்தைய படிக்கு இறங்கி இரண்டு நாள் நில்லுங்கள். இரத்தம் கலந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நாய் முன்காலை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கி வயிற்றுவலியில் நின்றாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். கோழிக்கடையில் நாய்க்கென்று கேட்டு வாங்கும் தோலையும் கழுத்தையும் ஒரேயடியாகப் போட்ட மறுநாள் வரும் கணைய அழற்சிக்கு இது அடையாளம்.

உலர் தீனி 270 கிராம் இருந்த இடத்தில் இப்போது முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு வேளையாகப் பிரியுங்கள். நாய் தண்ணீர் குடிப்பது குறையும். சமைத்த உணவிலேயே நிறையத் தண்ணீர் இருப்பதால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

யார் மாறலாம், யார் மாறக் கூடாது

வளர்ந்த, நோயில்லாத நாய். வீட்டில் தராசோடு சமைக்க ஓர் ஆள் நிலையாக இருக்கிறார். மருத்துவர் கலவை எழுதித் தருகிறார். மூன்றும் அமைந்தால் முழு வீட்டுச் சமையல் அருமையான வழி. தீனியின் மணத்தைக் கண்டாலே முகம் திருப்பும் வயதான நாய்க்கும் இது நல்லது.

குட்டியை இதில் சோதிக்க வேண்டாம். சின்ன இனங்களுக்கு 10 முதல் 12 மாதமும், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம் போன்றவற்றுக்குச் சுமார் ஒன்றரை வயதும் ஆகும் வரை குட்டிக்கான தீனியே பாதுகாப்பு. பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் குறைந்தாலும் கேடு, கூடினாலும் மூட்டு கோணும். அந்த இடுக்கில் வீட்டுக் கணக்கு நிற்காது. சினை நாய்க்கும் பால் கொடுக்கும் நாய்க்கும் இதே பேச்சுதான். சிறுநீரகம் கெட்ட நாய்க்குப் பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும், மேலே சொன்ன கிண்ணம் அதற்கு நஞ்சாகிவிடும். மூத்திரக் கல், சர்க்கரை, கணைய நோய் உள்ளவற்றுக்கும் நோய்க்கேற்ற தனிக் குறிப்பு வேண்டும்.

செலவைக் கிலோ விலையில் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். ஆயிரம் கலோரிக்கு என்ன விலை என்று பாருங்கள்: உலர் தீனியில் அது ஏறக்குறைய 280 கிராம், சமையலில் மேலே சொன்ன மொத்தக் கிண்ணமும், கலவையும், எரிவாயுவும். பெரிய நாய்க்கு நடுத்தர விலைத் தீனியைவிடச் சமையல் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். பொமரேனியன், ஷிட்சு அளவு நாய்க்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

மாற்றிய பின் இரண்டு வாரத்துக்கொரு முறை எடை பாருங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. அதற்கேற்பப் பத்து சதவீதம் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். குறைக்கும்போது சோற்றை மட்டும் குறைக்காமல் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள். ஆறு மாதத்தில் இரத்த அணுக்கள், அல்புமின் (இரத்தத்திலுள்ள புரதம்), கல்லீரல், சிறுநீரகம் பார்த்துவிடுவது நல்லது. உள்ளூர் மருத்துவருக்குக் குறிப்பில் சந்தேகம் என்றால் நமக்குப் பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிறது. போகும்போது கடைசி ஒரு வாரம் கொடுத்தவற்றின் பட்டியலை கிராம் கணக்கில் எழுதி, கலவை டப்பாவையும் மீன் எண்ணெய் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் போட்ட பிஸ்கட்டும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.